டிவிஷன் 2, கியர் 2.0: ஸ்டாஷில் எதை வைத்துக்கொள்வது, எதை உடைப்பது?

வெள்ளைமாளிகை_வாட்ச்மேன் (கேள்வி)

டிவிஷன் 2 துப்பாக்கிச் சண்டை கேம்ல 2020 மார்ச் 3-ல் டைட்டில் அப்டேட் 8 வருது, கூடவே கியர் 2.0, அதாவது உடுப்பு முறையோட மாற்றியமைப்பு. எக்ஸ்பான்ஷன் (லெவல் 30-லேர்ந்து 40-க்கு உயர்த்துற வார்லார்ட்ஸ் ஆஃப் நியூயார்க்) வாங்கினவங்க, வாங்காதவங்க எல்லாருக்கும் இந்த மாற்றம் உண்டு. இதுவரை வந்த விவரங்களைப் படிச்சதுல நாலு விஷயம் தெளிவாகலை.

1. கியர் ஸ்கோர் (பொருளோட பலத்தைச் சொல்ற எண்) 515 பொருட்களால ஸ்டாஷ் (சேமிப்புப் பெட்டி) நிறைஞ்சு கிடக்கு. அதுல எதையாவது வைக்கணுமா, இல்லை மொத்தமா உடைச்சுடலாமா?
2. மாஸ்க், க்ளவுஸ், ஹோல்ஸ்டர், நீபேட் நாலுலயும் டேலன்ட் (சிறப்புத் திறன்) கிடையாதுன்னா, அந்த நாலும் வெறும் நம்பர் மூட்டைதானா?
3. பாதி சிவப்பு (தாக்குதல்), பாதி நீலம் (ஆர்மர்)னு ஹைப்ரிட் பில்ட் (கலப்பு உடுப்பு அமைப்பு) இனிமே எடுபடுமா?
4. ஸ்கில் பவர் போயிடுச்சுன்னா ஸ்கில் (டர்ரெட், ட்ரோன் மாதிரி கருவி) பில்ட் எப்படி அமைக்கிறது?

"எளிமையாக்குறேன்னு ஆழத்தையே தூக்கிட்டாங்க"ன்னு ஒரு கோஷ்டி, "இப்பதான் கியர் புரியுற மாதிரி இருக்கு"ன்னு இன்னொரு கோஷ்டி. எனக்கு கோஷ்டி வேண்டாம், கணக்கு வேணும்.

---

லூட்_கணக்கன்

முதல்ல அமைப்பைச் சொல்லிடறேன். அது தெரிஞ்சா உங்க முதல் ரெண்டு கேள்விக்குப் பாதி பதில் வந்துடும்.

உடுப்போட ஆறு துண்டுல ஒவ்வொண்ணுலயும் ஒரு கோர் அட்ரிப்யூட், அதாவது முதன்மைப் பண்பு. சிவப்புன்னா வெப்பன் டேமேஜ், நீலம்னா ஆர்மர், மஞ்சள்னா ஸ்கில் டியர். லெவல் 40-ல உச்ச ரோல் (பொருள் விழும்போது அதுல வர்ற எண்): சிவப்பு 15%, நீலம் 1,70,000 ஆர்மர், மஞ்சள் +1 டியர். மஞ்சளுக்கு ரோல் ஏற்ற இறக்கமே கிடையாது, எப்பவும் ஒண்ணுதான்.

கோருக்குக் கீழே, ஹை-எண்ட் (பிராண்ட் பெயரோட வர்ற உயர்தர) துண்டுன்னா ரெண்டு சின்ன அட்ரிப்யூட், கியர் செட் (சேர்த்துப் போட்டா தனி போனஸ் தர்ற தொகுப்பு) துண்டுன்னா ஒண்ணுதான். மாஸ்க், செஸ்ட், பேக்பேக் மூணுக்கும் ஒரு மாட் ஸ்லாட் (கூடுதல் பண்பைச் செருகுற இடம்). டேலன்ட் செஸ்ட்லயும் பேக்பேக்லயும் மட்டும். அவ்வளவுதான்.

சின்ன அட்ரிப்யூட்களோட உச்சத்தை மனப்பாடம் பண்ணி வெச்சுக்கோங்க, கீழே விழுந்த பொருளைப் பார்த்ததும் முடிவெடுக்க உதவும்:

கிரிட் சான்ஸ் (கூடுதல் பலத்தோட அடி விழுற வாய்ப்பு) 6, கிரிட் டேமேஜ் (அந்த அடியோட கூடுதல் பலம்) 12, ஹெட்ஷாட் 10, வெப்பன் ஹேண்ட்லிங் 8. ஸ்கில் டேமேஜ் 10, ஸ்கில் ஹேஸ்ட் 12, ரிப்பேர் ஸ்கில்ஸ் 20, ஸ்டேட்டஸ் எஃபெக்ட்ஸ் 10. ஹசார்ட் ப்ரொடெக்‌ஷன், எக்ஸ்ப்ளோசிவ் ரெசிஸ்டன்ஸ் ரெண்டும் 10. எல்லாம் சதவீதம்.

இப்போ ஸ்டாஷ். எக்ஸ்பான்ஷன் வாங்கி லெவல் 40 போறவங்களுக்குப் பழைய 515 பொருள் ரெண்டு மூணு மணி நேரத்துக்கான துணி, அவ்வளவே. 31, 32-ல விழுற சாதாரணப் பொருளே அதை முந்திடும். பழையது அழியாது, புது முறைக்கு மாத்தித் தருவாங்க. ஆனா அந்த ரோலைப் பிடிச்சுத் தொங்குறதுல பலன் இல்லை. ஒரு முழு செட்டை உடம்புல போட்டுக்கிட்டு, மீதியை உடைச்சு மெட்டீரியல் ஆக்குங்க. மெட்டீரியலுக்கும் உச்ச வரம்பு இருக்கு. அது நிறைஞ்ச பிறகும் உடைச்சா வீண், அப்போ விற்கிறதுதான் சரி.

உடைக்கவே கூடாதது எக்ஸாட்டிக் (அரிய, தனித்தன்மையான பொருள்). அதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிரதியாவது வைங்க. பிறகு கிராஃப்டிங் பெஞ்ச்ல அதையே லெவல் 40-க்கு உயர்த்தலாம், அதுக்கு எக்ஸாட்டிக் காம்போனென்ட் வேணும். அந்தக் காம்போனென்ட் வர்றது வேற எக்ஸாட்டிக்கை உடைக்கிறதால. அதனால ரெண்டு சாட்டர்பாக்ஸ் (ஒரு எக்ஸாட்டிக் எஸ்எம்ஜி, அதாவது சப்மெஷின் துப்பாக்கி) இருந்தா ஒண்ணு பயன்பாட்டுக்கு, ஒண்ணு காம்போனென்ட்டுக்கு. ஒண்ணே ஒண்ணு இருந்தா தொடாதீங்க.

எக்ஸ்பான்ஷன் வாங்காம 30-லயே இருக்கப் போறவங்க மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்காதீங்க. உங்களுக்கு அந்தப் பழைய பொருட்கள்தான் முதலீடு. மாற்றம் வந்த அன்னைக்குக் கோரும் அட்ரிப்யூட்டும் என்னவா மாறியிருக்குன்னு ஒவ்வொண்ணாப் பார்த்த பிறகுதான் உடைக்கணும்.

---

நீலச்சட்டை

மூணாவது கேள்விக்கு வர்றேன். "ஹைப்ரிட் செத்துப்போச்சு"ன்னு எழுதுறவங்க யாரும் வகுத்துப் பார்க்கலை.

கோர்ல வர்ற வெப்பன் டேமேஜும், துப்பாக்கியோட சொந்த கோரும் (அசால்ட் ரைஃபிள்னா அசால்ட் ரைஃபிள் டேமேஜ் 15%) ஒரே கூடையில கூட்டப்படும், ஒண்ணை ஒண்ணு பெருக்காது. அப்போ:

ஆறு சிவப்பு: 1 + 0.90 + 0.15 = 2.05
ஐந்து சிவப்பு: 1.90
நாலு சிவப்பு: 1.75
மூணு சிவப்பு: 1.60

ஆறுலேர்ந்து அஞ்சுக்கு இறங்கினா உங்க டேமேஜ்ல குறையுறது 15 இல்லை, 7.3 சதவீதம். அதுக்குப் பதிலா 1,70,000 ஆர்மர். நாலுக்கு இறங்கினா 14.6 சதவீத இழப்பு, கூடுதல் ஆர்மர் 3,40,000. மூணுக்கு மூணுன்னா 22 சதவீதம் போகும், 5,10,000 வரும்.

ஹீரோயிக் கடினத்துல ஒரு தடவை கீழே விழுந்து எழுந்திருக்கிற நேரத்துல அந்த 7 சதவீதம் எங்கே போச்சுன்னே தெரியாது. முதல் நீலம் ரொம்ப மலிவு, ரெண்டாவதும் பரவாயில்லை. ஆனா ஒவ்வொரு நீலத்துக்கும் விலை கொஞ்சம் கொஞ்சமா ஏறும், ஏன்னா கூடை சின்னதாக ஆக ஒவ்வொரு 15-க்கும் மதிப்பு அதிகம்: ஆறிலேர்ந்து அஞ்சுக்கு 7.3, நாலிலேர்ந்து மூணுக்கு 8.6, ரெண்டிலேர்ந்து ஒண்ணுக்கு 10.3. (இது ஒவ்வொரு படியிலயும் இருக்குற டேமேஜ்ல எத்தனை சதவீதம் போகுதுன்னு.)

பிராண்ட் செட் போனஸ்ல (ஒரே பிராண்ட் துண்டுகளைப் போட்டா கிடைக்கிறது) "அசால்ட் ரைஃபிள் டேமேஜ்", "எஸ்எம்ஜி டேமேஜ்"னு வர்றதும் இதே கூடைதான். அதனால அந்த மாதிரி போனஸை அடுக்க அடுக்க அதோட மதிப்பு குறையும், கூடவே ஒரு சிவப்பை நீலமா மாத்துறதும் இன்னும் மலிவாகும். "ஆம்ப்ளிஃபை"ன்னு எழுதியிருந்தா மட்டும் அது தனியாப் பெருக்கும். கிளாஸ் கேனன்ங்கிற டேலன்ட்ல எழுதியிருக்கிறது அதுதான்: கொடுக்குற டேமேஜ் 25% ஆம்ப்ளிஃபை, வாங்குற டேமேஜ் 50% ஆம்ப்ளிஃபை. ரெண்டு பக்கமும் பெருக்கல்ங்கிறதை மறந்துட்டு, சிவப்பு ஆறோட கிளாஸ் கேனனையும் போட்டுக்கிட்டு "ஆர்மர் காகிதம் மாதிரி இருக்கு"ன்னு புகார் எழுதினா யார் என்ன பண்ண முடியும்.

---

பேட்ச்நோட்_பைத்தியம்

நீலச்சட்டை கணக்கு சரி. ஆனா அந்தக் கணக்கே என் புகாரை நிரூபிக்குது. எல்லாத்தையும் ஒரே வரிக் கூட்டல்ல சொல்ல முடியுதுன்னா தேடுறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?

பழைய முறையில ஒரு டேலன்ட் வேலை செய்யணும்னா இத்தனை சிவப்பு, இத்தனை நீலம் இருக்கணும்னு நிபந்தனை. எரிச்சலான விஷயம்தான், ஒத்துக்கறேன். ஒரு ரோல் மாறினா மூணு டேலன்ட் அணைஞ்சு போகும். ஆனா அந்த எரிச்சலுக்குள்ள ஒரு புதிர் இருந்தது. க்ளவுஸ்ல ஒரு டேலன்ட், நீபேட்ல இன்னொண்ணு, ரெண்டும் சேர்ந்தா மூணாவதுக்கு வழி. இப்போ நாலு துண்டுல டேலன்டே இல்லை. அங்கே நீங்க பார்க்கப் போறது பிராண்ட் பெயர், கோர் நிறம், ரெண்டு நம்பர்.

ரெண்டாவது, கியர் செட். நாலு துண்டுல முழு போனஸ்னு குறைச்சது நல்லதுன்னு கொண்டாடுறாங்க. ஒவ்வொரு செட் துண்டுக்கும் ஒரு அட்ரிப்யூட் குறைவு. நாலு போட்டா நாலு அட்ரிப்யூட் போச்சு. நாலு கிரிட் டேமேஜ்னா 48%. செட் போனஸ் அந்த 48-ஐ ஈடுகட்டினாத்தான் அதைப் போடுறதுல அர்த்தம். செஸ்ட், பேக்பேக் ரெண்டையும் அதே செட்ல எடுத்தா போனஸ் இன்னும் பலமாகும், ஆனா அப்போ ஹை-எண்ட் டேலன்ட் ரெண்டும் கிடையாது. இந்த ஒரு இடத்துல மட்டும் உண்மையான யோசனைக்கு இடம் வெச்சிருக்காங்க, அதையும் சொல்லிடணும்.

மூணாவது ரீகாலிப்ரேஷன் (பொருள்ல ஒரு வரியை மாத்துறது). லைப்ரரி (சேர்த்து வெச்ச ரோல்களோட தொகுப்பு) வர்றது அருமைதான், யாரும் மறுக்கலை. ஆனா ஒரு பொருளுக்கு ஒரே வரிங்கிற கட்டுப்பாடு அப்படியே இருக்கு. நிறம், பிராண்ட், ரெண்டு அட்ரிப்யூட், டேலன்ட்னு அஞ்சு விஷயம் பொருந்தணும், மாத்த முடிஞ்சது ஒண்ணு.

---

டர்ரெட்_தாத்தா

நாலாவது கேள்வி அனாதையாக் கிடக்குதே, அதை நான் எடுத்துக்கறேன்.

ஸ்கில் பவர்னு ஆயிரக்கணக்குல ஒரு நம்பர், அது இத்தனை இருந்தாத்தான் இந்த ஸ்கில் மாட் பொருந்தும்னு ஒரு கதவு. அந்தக் கதவைக் கழற்றிட்டாங்க. இனிமே மாட் எதுவானாலும் பொருந்தும். ஸ்கில்லோட பலம் டியர் 0-லேர்ந்து 6 வரைக்கும். மஞ்சள் கோர் எத்தனையோ அத்தனை டியர்.

இங்கேதான் பலரும் ஒரு துண்டை வீணாக்கப் போறாங்க. டெக்னீஷியன் ஸ்பெஷலைசேஷன் எடுத்தா அதுவே +1 ஸ்கில் டியர் தரும். அப்போ அஞ்சு மஞ்சள் போதும், ஆறாவது துண்டு உங்க இஷ்டம். நீலமாப் போடுங்க. ஸ்கில் ஆளுக்கு சிவப்பு ஒண்ணு போட்டாத் துப்பாக்கி ஒண்ணும் பெருசாக் கடிக்காது, செத்துட்டா டர்ரெட்டும் சேர்ந்து போயிடும். ஆறும் மஞ்சளா வெச்சுக்கிட்டு டெக்னீஷியனும் எடுத்தா டியர் 7 வராது, ஆறுதான்.

பழைய கூல்டவுன் ரிடக்‌ஷனுக்குப் பதிலா ஹேஸ்ட். பெயர் மட்டும் மாறலை, கணக்கே வேற. கூல்டவுனை (ஸ்கில் மறுபடி தயாராகுற நேரம்) 1 + ஹேஸ்ட் ஆல வகுக்கணும். 60 செகண்ட் கூல்டவுன் இருக்கிற ஸ்கில்லுக்கு:

ஹேஸ்ட் 50%: 40 செகண்ட்
ஹேஸ்ட் 100%: 30 செகண்ட்
ஹேஸ்ட் 150%: 24 செகண்ட்

முதல் 50-க்கு 20 செகண்ட் மிச்சம், அடுத்த 50-க்கு 10, அதுக்கடுத்த 50-க்கு 6. "நூறு ஹேஸ்ட் வெச்சா கூல்டவுன் பூஜ்ஜியம்"னு ஒருத்தர் எழுதியிருந்தார், அது பழைய முறையில ஊறிப்போன மூளை. 12 வீதம் நாலு அட்ரிப்யூட் போட்டா 48%, அதுக்கு மேல ஸ்கில் டேமேஜுக்குப் போறதுதான் டர்ரெட், ட்ரோனுக்கு நல்லது. அவை களத்துல நின்னு சுடுற நேரம்தான் முக்கியம், திரும்பி வர்ற நேரம் இல்லை. சீக்கர் மைன் மாதிரி வெடிச்சு முடியுற ஸ்கில்லுக்கு மட்டும் ஹேஸ்ட் கொஞ்சம் கூடுதலா எடுக்கலாம்.

பேட்ச்நோட்_பைத்தியத்தோட வருத்தம் புரியுது. ஆனா அந்தப் பழைய புதிர்ல ஸ்கில் ஆளுங்க பாதிப் பேர் மாட் கதவுக்கு வெளியிலயே நின்னாங்க.

---

லூட்_கணக்கன்

ரீகாலிப்ரேஷன்ல எங்கே சறுக்கும்னு சொல்லிடறேன், ஏன்னா மாற்றம் வந்த முதல் வாரத்துல அதிகம் அழுகை வரப்போற இடம் அதுதான்.

லைப்ரரில ஒரு ரோலைச் சேர்த்தா அந்தப் பொருள் அழிஞ்சுடும், ஒரு பொருள்லேர்ந்து ஒரே ஒரு வரிதான் எடுக்கலாம். 6% கிரிட் சான்ஸ், 12% கிரிட் டேமேஜ் ரெண்டும் உச்சத்துல இருக்கிற க்ளவுஸை உடைச்சா ஒண்ணு மட்டும்தான் உங்களுக்கு. அப்படிப்பட்ட க்ளவுஸைப் போட்டுக்கணும், உடைக்கக் கூடாது. லைப்ரரிக்குப் போக வேண்டியது ஒரு வரி உச்சத்துலயும் மற்றதெல்லாம் குப்பையாவும் இருக்கிற பொருள்.

ஒருமுறை சேர்த்த ரோலை எத்தனை பொருளுக்கு வேணும்னாலும் பயன்படுத்தலாம். பழைய முறையில ஒவ்வொரு தடவையும் ஒரு பலி ஆடு வேணும், இப்போ தேவையில்லை. அதனால அதே வரியில 5.4 வெச்சிருக்கும்போது 6 கிடைச்சா மட்டும் மறுபடி சேருங்க, 5.5-க்கு ஓடாதீங்க.

ஒரு பொருள்ல ஒரு வரியை மாத்தினதும் மற்ற வரிகள் பூட்டிக்கும். பிறகு அதே வரியைத்தான் திரும்பத் திரும்ப மாத்த முடியும். எனவே செஸ்ட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி முடிவு பண்ணுங்க: மாத்த வேண்டியது கோரா, அட்ரிப்யூட்டா, டேலன்டா? பெரும்பாலும் செஸ்ட், பேக்பேக்ல டேலன்டை மாத்துறதுக்குத்தான் அந்த ஒரே வாய்ப்பைச் செலவு பண்ணணும். அப்படின்னா அட்ரிப்யூட் ரெண்டும் கோரும் தானா நல்லா விழுந்திருக்கிற செஸ்டைத் தேடுங்க, டேலன்ட் என்னன்னு பார்க்காதீங்க. டேலன்ட் இல்லாத நாலு துண்டுல இந்தத் தலைவலி கிடையாது. அங்கே மூணு வரியில ரெண்டு சரியா இருந்தாப் போதும், மூணாவதை நாம போட்டுக்கலாம். வாட்ச்மேன் "நம்பர் மூட்டை"ன்னு சொன்னாரே, அந்த மூட்டைதான் சீக்கிரம் நிறையும்.

எக்ஸாட்டிக்கை ரீகாலிப்ரேட் பண்ண முடியாது. நேம்டு (தனிப் பெயரோட வர்ற) பொருள்ல சிறப்பு வரியை எடுத்து வேற பொருள்ல போடவும் முடியாது.

31-லேர்ந்து 39 வரைக்கும் ரீகாலிப்ரேஷன் ஸ்டேஷன் பக்கமே போகாதீங்க. ரெண்டு மிஷன்ல கழற்றிப் போடப்போற மாஸ்குக்கு மெட்டீரியல் செலவு பண்றது கைப்பணத்தைக் கரைக்கிற வேலை. 40 ஆனதும் மேப்ல டார்கெட்டட் லூட் பார்த்து, வேண்டிய பிராண்ட் காட்டுற இடத்துல மட்டும் விளையாடுங்க.

---

வெள்ளைமாளிகை_வாட்ச்மேன்

ரொம்ப நன்றி மக்களே. எக்ஸாட்டிக் தவிர மத்ததை உடைக்க ஆரம்பிச்சாச்சு. ஒரே ஒரு சந்தேகம்: அஞ்சு சிவப்பு, ஒரு நீலம்னு முடிவு பண்ணிட்டேன். எல்லா ஹை-எண்ட், அதனால 12 அட்ரிப்யூட் + 3 மாட், மொத்தம் 15 இடம். இதுல கிரிட் சான்ஸ் எத்தனை, கிரிட் டேமேஜ் எத்தனை? முதல் துப்பாக்கி அசால்ட் ரைஃபிள், ரெண்டாவது எஸ்எம்ஜி.

---

நீலச்சட்டை

பிராண்ட் போனஸ் எதையும் சேர்க்காம, எல்லாம் உச்ச ரோல்னு வெச்சுச் சொல்றேன். கிரிட் டேமேஜ் அடிப்படையில 25% இருக்கு, கிரிட் சான்ஸ் 60%-க்கு மேல எண்ணப்படாது. சராசரிப் பெருக்கம் = 1 + சான்ஸ் × டேமேஜ்.

7 சான்ஸ், 8 டேமேஜ்: 42 × 121, அதாவது 1.508
8, 7: 48 × 109, 1.523
9, 6: 54 × 97, 1.524


எட்டும் ஒன்பதும் ஒண்ணுதான். பொது விதி: கிரிட் டேமேஜ் எப்பவும் சான்ஸோட ரெண்டு மடங்குக்குப் பக்கத்துல இருக்கணும், ஏன்னா ஒரே இடத்துல ஒண்ணு 6 தருது, மற்றது 12 தருது. டேமேஜ் ரெண்டு மடங்கைத் தாண்டினா அடுத்தது சான்ஸ், குறைஞ்சா டேமேஜ்.

சிக்கல் உங்க ரெண்டாவது துப்பாக்கி. எஸ்எம்ஜில 21% கிரிட் சான்ஸ் கூடவே வரும். 9 சான்ஸ் போட்டுக்கிட்டு எஸ்எம்ஜியை எடுத்தா 75%, அதுல 15 குப்பைக்கு. ரெண்டரை அட்ரிப்யூட் போச்சு. எஸ்எம்ஜி மட்டும்னா 6 சான்ஸ், 9 டேமேஜ்தான் சரி: 57 × 133, 1.758.

---

டர்ரெட்_தாத்தா

ரெண்டாவதா எஸ்எம்ஜியே வேண்டாம், ரைஃபிள் எடுங்க. அதுல 17% கிரிட் டேமேஜ் கூட வரும், சான்ஸ் தொடாது, உங்க 8-7 அப்படியே நிக்கும்.

---

நீலச்சட்டை

ஆமா, அதுவும் ஒரு வழி. எஸ்எம்ஜியை விடவே மாட்டேன்னா ஆறு துண்டுலயும் ஒரு சான்ஸ், ஒரு டேமேஜ் வைங்க, மாட்ல ரெண்டு சான்ஸ், ஒண்ணு டேமேஜ். எஸ்எம்ஜியைப் பிரதானமா எடுக்கிற நாள்ல மாட்ல அந்த ரெண்டு சான்ஸையும் கழற்றி கிரிட் டேமேஜ் போட்டா 6-9 ஆயிடும். மாட் மாத்த ரீகாலிப்ரேஷன் வேண்டாம், இன்வென்டரிலயே முடியும்.